சக எழுத்தாளர்களின் வாண்டுமாமா

ஓர் எழுத்தாளரின் புகழை அளப்பதற்கு நம்மிடையே மூன்று அளவுகோல்கள் வழங்கி வருகின்றன. விற்பனை ஒன்று, விருது மற்றொன்று, பல்கலைக்கழக ஆய்வேடு மூன்றாவது. இம்மூன்றுக்கும் அகப்படாத நான்காவது அளவுகோல் ஒன்றுண்டு. அது சக எழுத்தாளர்களின் நினைவு. 'நீங்கள் முதன்முதலில் விரும்பிப் படித்தது யாரை?' என்ற கேள்விக்கு நாவலாசிரியரும் கவிஞரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் எதுவோ, அப்பெயருக்குரியவர் அந்த மொழியின் அடித்தளத்தில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறார் என்று பொருள். தமிழில் 1960களிலும் 1970களிலும் பிறந்து எழுத வந்தவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டால் அடிக்கடி வந்து விழும் பெயர் வாண்டுமாமா. ஆனால் நாம் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும் இலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. சிலவற்றில் அந்த ஒரு வரியும் இல்லை. எழுத்தாளர்களின் நெஞ்சில் அத்தனை இடம் பெற்ற ஒருவர் இலக்கிய வரலாற்றில் இடம் பெறாமற் போனது எப்படி என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

ஏலாக்குறிச்சியிலிருந்து தொடங்குவோம்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் தமிழ் கற்பிக்கும் நமக்கு இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இவ்விரு மாவட்டங்களும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில்தான் வீரமாமுனிவர் பல்லாண்டுகள் தங்கியிருந்தார். திருக்காவலூர் என்று அவர் போற்றிய அவ்வூர், தேம்பாவணியோடு சேர்த்து எண்ணப்படும் ஊர். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வீரமாமுனிவரைத் தெரிந்தது தேம்பாவணியால் அன்று. பரமார்த்த குருவாலும் அவருடைய ஐந்து சீடர்களாலும்தான்.

பரமார்த்த குருவின் கதை சிறுவர்களுக்காக எழுதப்பட்டதும் அன்று. தமிழ் கற்க வந்த அயல்நாட்டார் வழக்குத் தமிழைப் பழகிக்கொள்ளும்பொருட்டு எழுதப்பட்டது. 1822இல் லண்டனில் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார். பின்னர் அது மெல்ல மெல்லப் பிள்ளைகளின் கைக்கு இறங்கி வந்தது. இன்று எந்தத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் திறந்தாலும் 'உரைநடை வளர்ச்சி' என்னும் தலைப்பின் கீழ் அந்நூல் தவறாமல் இருக்கிறது. சிறுவர் படிக்கும் கதை என்பதால் யாரும் அதை ஒதுக்கவில்லை. எழுதியவர் வீரமாமுனிவர், எழுதியது முன்னோடி உரைநடை. எனவே அது வரலாற்றுக்குள் வந்துவிட்டது. ஆகவே சிறுவர் கதைக்கு இலக்கிய வரலாற்றில் இடமே கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இடம் எப்போது கிடைக்கிறது, எப்போது மறுக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு ஊர்கள், இரண்டு மனிதர்கள்

கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே சென்றால் புதுக்கோட்டை. அன்று அது தனிச் சமஸ்தானம். அங்கு இராயவரம் என்னும் ஊரில் 1922 நவம்பர் 7 அன்று பிறந்தவர் அழ. வள்ளியப்பா. அதே சமஸ்தானத்து அரிமளத்தில் 1925 ஏப்ரல் 21 அன்று பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி, பின்னாளில் வாண்டுமாமா. ஒருவர் பாட்டால் பிள்ளைகளைப் பிடித்தார். மற்றவர் கதையால் பிடித்தார். ஒருவர் மழலைக்குரியவர், மற்றவர் மழலை கடந்து, மீசை அரும்பாத இடைப்பட்ட வயதினருக்குரியவர்.

வள்ளியப்பா இளமையில் வை. கோவிந்தனின் 'சக்தி' அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு இந்தியன் வங்கியில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். பகலில் கணக்கேடு, மாலையில் குழந்தைப் பாடல். சக எழுத்தாளர்களிடையே அவருக்கிருந்த செல்வாக்குக்கு அவருடைய பாடல்கள் மட்டுமே காரணமல்ல. 1950இல் அவர் முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். அதுவரை தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்கள், தாங்கள் ஒரு கூட்டம் என்பதை முதன்முறையாக உணர்ந்தது அங்கேதான். மாநாடு கூட்டுவது, புதியவரின் கையெழுத்துப்படியைத் திருத்தித் தருவது, பதிப்பகத்தாரிடம் அழைத்துச் செல்வது, குழந்தை எழுத்தாளர்கள் யார் யார் என்று தொகுத்து நூலாக்குவது என்று அவர் செய்த பணிகள் பல. 'பர்மா ரமணி', 'நீலா மாலா' போன்ற வளரிளம் பருவத்தினருக்கான கதைகளையும் அவர் எழுதினார். 1989 மார்ச் 16 அன்று அவர் உயிர் பிரிந்ததுகூடக் குழந்தை இலக்கியத்துக்காக மதுரையில் பேசச் சென்ற இடத்தில்தான்.

வள்ளியப்பாவைச் சக எழுத்தாளர்கள் நேசித்தது ஒரு தலைவரை நேசிப்பது போன்றது. அந்த நேசத்துக்குச் சங்கம் இருந்தது, மேடை இருந்தது, பதிவேடு இருந்தது. ஆகவே வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் அமைந்தது.

ஆர்வியும் 'கண்ணனும்'

இரண்டாவது வகை நேசம் ஆசிரியர்மீது மாணவர் வைப்பது. அதற்கு எடுத்துக்காட்டு ஆர்வி. கலைமகள் நிறுவனம் 1950இல் தொடங்கிய 'கண்ணன்' இதழுக்கு அவர் ஆசிரியராக இருந்தார். பெரியவர்களுக்கான நாவல்களும் எழுதியவர்; எழுத்தாளர் வட்டங்களில் மதிக்கப்பட்டவர். 'கண்ணன்' நடத்திய போட்டிகள் இளையோருக்கு எழுதிப் பழகும் பட்டறையாக இருந்தன.

இதன் விளைவை அளக்க ஒரு சான்று போதும். தமிழ்ச் சிறுகதையின் போக்கை மாற்றிய அம்பையின் முதல் நூல், பதின்பருவத்தில் 'கண்ணன்' போட்டிக்காக எழுதிப் பரிசு பெற்ற 'நந்திமலைச் சாரலிலே' என்னும் துப்பறியும் கதை. 'சிறகுகள் முறியும்', 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' ஆகியவற்றைப் படித்துவிட்டு அம்பையிடம் வருபவர்களுக்கு இச்செய்தி வியப்பைத் தரலாம். நமக்கு அதில் வியப்பில்லை. முதல் அத்தியாயத்தில் முடிச்சைப் போட்டு, கடைசி அத்தியாயம்வரை அதை அவிழாமல் காப்பது எப்படி என்ற பயிற்சி எந்த எழுத்தாளருக்கும் வேண்டியதே. அப்பயிற்சியைத் தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் தரவில்லை. ஒரு சிறுவர் இதழ் தந்தது.

வாண்டுமாமாவின் இடம்

இனி வாண்டுமாமா. அவருக்குச் சங்கம் இல்லை. சீடர் குழாமும் இல்லை. கல்கி குழுமத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பத்திரிகைக்காரர் அவர். 1972இல் அக்குழுமம் 'கோகுலம்' இதழைத் தொடங்கியபோது அதன் தொடக்க ஆண்டுகளுக்கு உருவம் கொடுத்தவர். பின்னர் 1984இல் பைகோ நிறுவனம் தொடங்கிய 'பூந்தளிர்' இதழின் ஆசிரியரானார். சுப்பாண்டியும் கபீஷும் காக்கை காளியும் வேட்டைக்கார வேம்புவும் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டுக்குள் நுழைந்தது பூந்தளிர் வழியாக. சுப்பாண்டி கதைகளின் தொடக்கமே திருச்சியிலிருந்து வாசகர் ஒருவர் ஆங்கில இதழான டிங்கிளுக்கு எழுதியனுப்பிய நாட்டார் கதைகள்தாம் என்பது இப்பகுதிக்காரராகிய நமக்கு ஒரு சிறு பெருமை.

நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன. 'ஓநாய்க் கோட்டை', 'சர்க்கஸ் சங்கர்', 'காட்டுச் சிறுவன் கந்தன்', 'புலி வளர்த்த பிள்ளை' என்று தலைப்பைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்கு முகம் மலரும். ஓவியர் செல்லப்பனுடன் சேர்ந்து அவர் படைத்த 'பலே பாலு' படக்கதையை நினைவில் வைத்திருப்போர் இன்றும் பலர். 'தோன்றியது எப்படி?', 'மருத்துவம் பிறந்த கதை' என்று அறிவுநூல்களும் எழுதினார். நாட்டார் கதை, வீரதீரக் கதை, துப்பறிதல், அறிவியல், சித்திரக்கதை என்று ஓர் இதழின் எல்லாப் பக்கங்களையும் ஒரே மனிதர் நிரப்ப முடியும் என்று காட்டியவர்.

கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. அவர் பெரியவர்களுக்காகவும் எழுதினார். 'கௌசிகன்' என்ற பெயரில் 'பாமினிப் பாவை', 'சந்திரனே சாட்சி' போன்றவற்றை எழுதினார். இலக்கிய மதிப்பு தேடிக்கொள்ள அவர் வைத்திருந்த பெயர் அது எனலாம். காலம் அப்பெயரை விழுங்கிவிட்டது. விளையாட்டுப் பெயர்போல் ஒலிக்கும் வாண்டுமாமா என்பதே நிலைத்தது. இதில் ஒரு நீதி இருக்கிறது. ஒரு துயரமும் இருக்கிறது. அவர் தம் தன்வரலாற்றுக்கு இட்ட தலைப்பு 'எதிர்நீச்சல்'. முதுமையில் நோயால் பேச்சை இழந்து, 2014 ஜூனில் மறைந்தார்.

அவர் மறைந்தபோது நாளிதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் வந்த நினைவுக் குறிப்புகளில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. எழுதியவர்களில் பலர் தாமே எழுத்தாளர்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் வாண்டுமாமாவின் கலை பற்றியன்று. பைண்டு செய்த பழைய தொகுப்புகளைப் பற்றி, இரவல் கொடுத்துத் திரும்பாத புத்தகங்களைப் பற்றி, விளக்கை அணைக்கச் சொல்லும் வீட்டாரைப் பற்றி. நேசம் நிறைய இருந்தது. விமர்சனம் இல்லை.

அவரிடம் எழுத்தாளர்கள் கற்றது என்ன?

அந்த நினைவுக் குறிப்புகள் சொல்லாமல் விட்டதை நாம் சற்றே சொல்லிப் பார்க்கலாம். எழுத்தாளர்களுக்கு வாண்டுமாமா கொடுத்தவை என்று நாம் கருதுவன மூன்று.

முதலாவது, வேகம். அவருடைய கதைகளில் வருணனை கதையை நிறுத்துவதில்லை. கோட்டை வாசலை விவரிக்கும்போதே சிறுவன் உள்ளே நுழைந்துவிட்டிருப்பான். இடத்தையும் செயலையும் ஒரே வாக்கியத்துக்குள் நகர்த்தும் இக்கைத்திறன் எளிதாகத் தோன்றும். எழுதிப் பார்த்தவர்க்கே அருமை புரியும்.

இரண்டாவது, நடுநிலையான தமிழ். செந்தமிழும் அன்று, வட்டார வழக்கும் அன்று. எந்த ஊர்ப் பிள்ளையும் தடுக்கி விழாமல் படிக்கக்கூடிய ஓர் உரைநடை. பின்னாளில் அவரவர் வட்டார மொழியைத் தேடிச் சென்ற எழுத்தாளர்கள்கூட முதலில் காலூன்றியது இந்தச் சமதரையில்தான்.

மூன்றாவது, கேட்கும் காது. யாரிடம் பேசுகிறோம் என்பதை அவர் ஒரு வரியிலும் மறந்தவரல்லர். வாசகனைத் தாழ்வாக நினைக்காமல், அதே சமயம் அவன் வயதை மறக்காமல் எழுதுவது கத்திமேல் நடப்பது போன்றது. அறிவுரை சொல்லத் துடிக்கும் சிறுவர் எழுத்து மலிந்த காலத்தில், கதையே போதும் என்று நம்பியவர் அவர்.

1962இல் பிறந்த ஜெயமோகனுக்குக் கோகுலம் தொடங்கியபோது வயது பத்து. 1966இல் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனுக்கு ஆறு. இத்தலைமுறையினர் வளர்ந்து பெரும் நாவல்கள் எழுதிய பிறகு 'பனிமனிதன்' என்றும் 'ஏழுதலை நகரம்' என்றும் இளையோருக்கு எழுதத் திரும்பி வந்தது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. தமக்குக் கிடைத்ததை அடுத்தவருக்குக் கைமாற்றும் கடன் அது.

வரலாறு ஏன் வாய் திறக்கவில்லை?

காரணங்கள் பல. முதற்காரணம் நம் நவீன விமர்சனத்தின் பிறப்பிலேயே உள்ளது. க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் நல்ல எழுத்தை வணிக எழுத்திலிருந்து பிரித்துக் காட்டப் போராடினார்கள். 'எழுத்து' 1959இல் தோன்றியது அந்தப் போராட்டத்தின் பகுதியாகவே. அப்போராட்டம் தேவையாக இருந்தது. ஆனால் கோடு கிழித்தபோது, பெரும் இதழ்களின் நிழலில் வளர்ந்த சிறுவர் எழுத்து முழுவதும் கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. அதை நிராகரித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. எடுத்துப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது காரணம் பொருள் சார்ந்தது. சிறுவர் இதழ் கிழியும் வரை படிக்கப்படுவது. எந்த இதழ் மிகவும் நேசிக்கப்பட்டதோ அதுவே முதலில் அழிந்தது. ஆய்வாளருக்கு வேண்டிய முழுத்தொகுதிகள் நூலகங்களில் அரிது. தனிப்பட்ட சேகரிப்பாளர்களிடமே மிகுதி.

மூன்றாவது காரணம் பாடத்திட்டம். முதுகலைத் தமிழில் சிறுவர் இலக்கியம் பெரும்பாலும் 'பிற வகைமைகள்' என்ற அலகில் நாட்டுப்புறவியலுக்கும் பயண இலக்கியத்துக்கும் நடுவே ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது.

அண்டை மொழிகளைப் பார்ப்போம். வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய் 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் இதழை, அவருடைய பேரன் சத்யஜித் ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து 1961இல் மீண்டும் உயிர்ப்பித்தார். ஃபெலுதா 1965இல் அவ்விதழில்தான் பிறந்தார். இடையில் சுகுமார் ராய். வங்க இலக்கிய வரலாற்றை இம்மூவரின் சிறுவர் எழுத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. மலையாளத்தில் கவிஞர் குஞ்ஞுண்ணி 'குட்டேட்டன்' என்ற பெயரில் மாத்ருபூமி வார இதழின் சிறுவர் பகுதியை நடத்தினார். அப்பகுதியில் எழுதிப் பழகியோர் பின்னர் பெரிய எழுத்தாளர்களானதை அம்மொழியினர் பெருமையோடு குறிக்கிறார்கள். சுவீடனில் ஆஸ்த்ரித் லிண்ட்கிரேன் நோபல் பரிசு பெறாமலே 2002இல் மறைந்தார். ஆனால் அதே ஆண்டில் அந்நாட்டு அரசு அவர் பெயரால் உலகளாவிய சிறுவர் இலக்கிய விருது ஒன்றை நிறுவியது. நேசம் நிறுவனமாக மாறிய இடங்கள் இவை.

நம் நாட்டில் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2010இல் தொடங்கியது. தமிழுக்கான முதல் விருதை 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' நூலுக்காக மா. கமலவேலன் பெற்றார். அதன்பின் நான்கு ஆண்டுகள் வாண்டுமாமா உயிரோடிருந்தார். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பெற்றவர்கள் எவரும் தகுதி குறைந்தவரல்லர். நாம் சொல்ல வருவது, நூறு எழுத்தாளர்களின் அன்பு ஒரு பரிந்துரைக் கடிதமாகக்கூட மாறவில்லை என்பதே.

மறுபக்கம்

இவ்வளவு சொன்ன பிறகு மறுதரப்பையும் கேட்க வேண்டும். இளமையில் படித்ததெல்லாம் இனிக்கும். அது எழுத்தின் இனிப்பா, இளமையின் இனிப்பா? வாண்டுமாமாவின் நூல்களை இன்று நிதானமாகத் திரும்பப் படித்தால் சில கதைகள் மெலிந்து தெரியத்தான் செய்கின்றன. மேலைநாட்டு வீரதீரக் கதைகளின் சாயல் பலவற்றில் வெளிப்படை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் காப்பாற்றப்படுபவர்கள், காப்பாற்றுபவர்கள் அல்லர். வாரந்தோறும் மாதந்தோறும் பக்கம் நிரப்ப வேண்டிய அவசரம் சில இடங்களில் தெரிகிறது.

இவற்றையெல்லாம் மறைப்பது அவருக்கு மரியாதை ஆகாது. எது தழுவல், எது சொந்தம், எது நிற்கும், எது உதிரும் என்று பிரித்துச் சொல்வதே மரியாதை. கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் நாம் அதைச் செய்தோம். புகழ்ந்தோம், சண்டையிட்டோம், ஒதுக்கினோம், மறுபடி எடுத்தோம். வாண்டுமாமாவோடு யாரும் சண்டையிடவே இல்லை. விமர்சனமற்ற அன்பு ஓர் எழுத்தாளரைப் பரணில் ஏற்றிவிடுகிறது. தூசி படியாமல் துணி போர்த்தியும் வைத்துவிடுகிறது.

நம் ஊருக்கு இதனால் என்ன?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் கிராமங்களிலிருந்தும், சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். தமிழ் இலக்கியம் படிக்கச் சேரும் அவர்களிடம் குறுந்தொகையையும் புதுமைப்பித்தனையும் கொடுக்கிறோம். பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு முழுக்கதையைத் தானாக விரும்பிப் படித்த பழக்கம் அவர்களில் பலருக்கு அமைந்ததில்லை. ஏணியின் முதற்படியில் பள்ளிப் பாடம்; மேற்படியில் பேரிலக்கியம்; நடுப்படிகள் இல்லை. வாண்டுமாமா போன்றவர்கள் அந்த நடுப்படிகள். எழுத்தாளர்கள் அவரை நேசிப்பது அவர் மீது கால் வைத்து மேலே ஏறியதால்தான். ஏறியவர்கள் படியைப் பத்திரப்படுத்த வேண்டாமா?

கதைக்குரிய களத்துக்கும் இங்குக் குறைவில்லை. ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்கும் எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் சுரங்கப்பாதை நினைவு வராமலிராது. சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அரியலூர்ச் சுரங்கங்களில் கடல் வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. வாரணவாசியில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லவே வேண்டாம். இவற்றுள் ஒன்றைக் களமாகக் கொண்டு இளையோருக்கான நல்ல நாவலை இப்பகுதிப் பிள்ளை ஒருவர் எழுதும் நாள் வரவேண்டுமானால், அவர் பன்னிரண்டு வயதில் அப்படியொரு நாவலைப் படித்திருக்க வேண்டும்.

காலம் முற்றிலும் இருண்டு கிடக்கவில்லை. 'ரத்த உறவு' எழுதிய யூமா வாசுகி 'தன்வியின் பிறந்தநாள்' நூலுக்காக 2024இலும், விஷ்ணுபுரம் சரவணன் 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவலுக்காக 2025இலும் பால சாகித்திய விருது பெற்றிருக்கிறார்கள். இலக்கியம் எழுதுவோர் இளையோருக்கு எழுதுவதைச் சில்லறை வேலையாகக் கருதாத நிலை மெல்ல வருகிறது. பெரம்பலூரில் 2012இல் தொடங்கிய புத்தகத் திருவிழாவைப் போன்றவை சிற்றூர்ப் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

எஞ்சியிருப்பது நம்மைப் போன்றோரின் வேலை. வாண்டுமாமாவின் கதைகளில் நிற்பவற்றைத் தேர்ந்து, முதலில் வெளிவந்த இதழ், ஆண்டு, ஓவியர் பெயர் ஆகிய குறிப்புகளுடன் செம்பதிப்பாகக் கொண்டுவர வேண்டும். கோகுலம், பூந்தளிர், கண்ணன் தொகுதிகளை, சேகரிப்பாளர்களின் துணையோடு, அவை மக்குமுன் படியெடுத்து வைக்க வேண்டும். முதுகலை மாணவர் ஒருவராவது ஆண்டுதோறும் இத்துறையில் ஆய்வேடு எழுத வேண்டும்; பாராட்டுரையாக அன்று, ஆய்வாக. தம் முதல் வாசிப்பாக வாண்டுமாமாவைக் குறிப்பிடும் எழுத்தாளர்கள், அடுத்த முறை அந்தப் பழைய பைண்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதோடு, அதிலுள்ள ஒரு கதையை எடுத்து, அது எப்படி இயங்குகிறது என்றும் இரண்டு பக்கம் எழுதட்டும். அப்படி ஐம்பது பேர் எழுதினால் அது ஒரு நூலாகும். இலக்கிய வரலாறு எழுதுபவர் அதன்பின் அவரை ஒரு வரியில் கடந்துபோக முடியாது.